கருப்பனின் வயிறு

நம் வயதுக்காரர்கள் நாலு பேர் கூடினால் பேச்சு எங்கே சுற்றினாலும் முழங்காலில் வந்து நின்றுவிடுகிறது. உங்களுக்கு வலதா இடதா, தைலமா மாத்திரையா என்று ஒரே ஆராய்ச்சி. எனக்கு இடது கால். மழை வருவதை ஒரு நாள் முன்னாலேயே சொல்லிவிடும். போன வாரமும் சொன்னது. நானும் அவசர அவசரமாகத் துணியை எடுத்து உள்ளே போட்டேன். மழை வரவில்லை, அது வேறு விஷயம். இது பத்து வயதில் முறிந்த கால். முறிந்த அந்தக் கோடையில்தான் எங்கள் வீட்டுக்கு மீன் தொட்டி வந்தது. உங்களிடம் சொல்வதற்கென்ன, அந்தக் கோடையில் நான் ஒரு குற்றமும் செய்தேன்.

அரூரில் பேருந்து நிலையத்துக்குப் பின் தெருவில் அப்போது எங்கள் வீடு. அப்பா ஒரு டாக்டரிடம் கம்பவுண்டர். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குக் கம்பவுண்டர் என்றால் விளக்க வேண்டும், நமக்கு வேண்டாம். வீட்டிலிருந்து பாட்டில் கொண்டுபோனால் சிவப்பு மிக்ஸ்சரை ஊற்றி, ஒரு வேளைக்கு இவ்வளவு என்று காட்டப் பல் பல்லாக வெட்டிய காகிதத்தைப் பக்கத்தில் ஒட்டித் தருவாரே, அவர்தான். அப்பா காகிதத்தை மடித்து நாலே வெட்டு வெட்டுவார். விரித்தால் எட்டுப் பல்லும் ஒரே அளவாக இருக்கும். புண்ணுக்குப் போடும் ஊதா மருந்தால் அவருடைய வலது ஆள்காட்டி விரல் எப்போதும் ஊதா. கோயிலில் சிலுவை போடும்போதும் அந்த ஊதா விரல்தான் நெற்றிக்குப் போகும்.

டாக்டர் வருவதற்கு முன்னால் வரும் சில்லறைக் காயமெல்லாம் அப்பா பொறுப்பு. வருகிறவர்கள் சொல்வது ஒன்றே ஒன்றுதான். "விழுந்துட்டேங்க." பங்காளியிடம் அடி வாங்கியவரும் வரப்பில் விழுந்திருப்பார், வாத்தியாரிடம் வாங்கியவனும் படியில் விழுந்திருப்பான். எங்கள் தெருமுனையில் பூ கட்டி விற்கிற பூக்காரம்மா பதினைந்து நாளைக்கு ஒரு தரம் துவைக்கிற கல்லில் விழுவார். அப்பா யாரையும் குடைய மாட்டார். "எங்க வலிக்குது?" என்பார். துடைப்பார், ஊதா மருந்து வைப்பார், கட்டுவார். "தண்ணி படாம பாத்துக்கங்க" என்று அனுப்பிவிடுவார். குடையாத மனிதர் என்பதால் ஊரில் அவருக்கு நல்ல பெயர்.

நானும் விழுந்தேன். வீட்டில் சொன்னது, படிக்கட்டில். உண்மையில், பக்கத்து வீட்டு அத்தையின் மதில் மேல் நின்று அவர்கள் மாங்காயை எட்டும்போது. அத்தை என்றால் சொந்தமில்லை. தீர்த்தமலைப் பக்கம் நிலம் நீச்சு உள்ள குடும்பம், பிள்ளைகள் படிப்புக்காக அரூரில் வீடு எடுத்திருந்தார்கள். என் பாவாடையில் மாங்காய்ப் பால் கறையாக இருந்ததை அப்பா பார்த்தார். அப்போதும் "எங்க வலிக்குது?" என்று மட்டும்தான் கேட்டார். மாவுக்கட்டு போட்டு ஒன்றரை மாதம் அசையக் கூடாது என்றார்கள். கோடை லீவு முழுக்க நான் நாற்காலியில்.

எதிர் வீட்டில் வங்கி மானேஜர் குடியிருந்தார். அவர் மனைவியை எல்லாரும் மானேஜர் அம்மா என்போம். தஞ்சாவூர்ப் பக்கம். குழந்தை இல்லை. கண்ணாடித் தொட்டியில் ஆறு மீன் வளர்த்தார். தங்கை கல்யாணத்துக்கு ஒரு மாதம் ஊருக்குப் போக வேண்டி வந்ததும் தொட்டியைத் தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். அந்தத் தெருவில் மருந்தும் கையுமாக இருந்தவர் அப்பா ஒருவர்தானே. தகர மூடி, அதற்குள் ஒரு குண்டு பல்பு, அடியில் நீலக் கூழாங்கல். பல்பைப் போட்டதும் எங்கள் முன்னறையின் சுண்ணாம்புச் சுவரில் தண்ணீர் நிழல் ஆடியது. அம்மாவே அடுப்பை விட்டுவிட்டு வந்து பார்த்தாள்.

நீண்ட வாலைப் புடவைத் தலைப்பு மாதிரி இழுத்துக்கொண்டு போகும் பெரிய தங்கமீன் ஒன்று, மானேஜர் அம்மா அதைப் 'பெரியவ' என்பார். சின்னத் தங்கமீன் இரண்டு. கரிக்கட்டை நிறத்தில் ஒரு மோலி மீன், அவன் பெயர் கருப்பன். பிறகு மஞ்சள் உடம்பில் கறுப்புப் பட்டை போட்ட புலி மீன் இரண்டு, கட்டை விரல் நீளம், ஒரு நிமிடம் சும்மா இருக்காது.

மானேஜர் அம்மா பெரியவளைக் காட்டிக் கண் கலங்கினார். "இதை மட்டும் கொஞ்சம் கவனமா பாத்துக்குங்க. மூணு வருஷமா எங்கூட இருக்கு."

"ஒரு செதில் கொறையாம திருப்பித் தரேங்க. கவலப்படாம போயிட்டு வாங்க" என்றார் அப்பா. அவர் வாக்குக் கொடுத்தால் கொடுத்ததுதான்.

அப்பா வேலைக்குக் கிளம்பிய பிறகு, போகும்போது மானேஜர் அம்மா என் மாவுக்கட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னார். "பாவம், உக்காந்தே கெடக்கே. அந்தப் புலி ரெண்டும் உனக்கு, நீயே வச்சுக்க. ஆனா தனியா ஒரு பாட்டில்ல விட்டு வச்சுக்கணும், தெரியுதா? அம்மாகிட்ட சொல்லிடு."

புலி இரண்டும் எனக்கு என்பதை அம்மாவிடம் சொன்னேன். தனியாக வைக்க வேண்டும் என்பதைச் சொல்லவில்லை. அது மே மாதம். வீட்டில் இருந்த ஜாடி, பாட்டில் எல்லாவற்றிலும் மாங்காய் ஊறுகாய். பாட்டில் கேட்டால், பாட்டிலும் கிடையாது மீனும் கிடையாது என்று அம்மா இரண்டையும் சேர்த்து முடித்துவிடுவாள் என்று பயம். இன்னொன்று, பல்பு வெளிச்சத்தில் என் புலிகள் மின்னின. ஊறுகாய் ஜாடியில் மின்னுமா?

நாலாம் நாள் பெரியவளின் வால் நுனி காணவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து நாள் முழுக்கப் பார்த்தவள் நான் ஒருத்திதான். என் புலிகள் பின்னாலேயே போகும், வாலை ஒரு கடி கடிக்கும், கூழாங்கல் பக்கம் ஓடி ஒளியும். அவள் திரும்புவதற்குள் இன்னொன்று வந்து கடிக்கும். மத்தியானம் அப்பா சாப்பிட வரும்போது பொரி போடுவார். அப்போது எல்லாம் மேலே வந்து, கோயிலில் நற்கருணை வாங்கும் கன்னியாஸ்திரிகள் மாதிரி வரிசையாக நின்று வாயைத் திறக்கும். அப்பா பார்த்தது அதை மட்டும்தான்.

வைத்தியம் உடனே தொடங்கியது. அம்மா ஒரு ஊறுகாய் ஜாடியைக் காலி செய்து, சாம்பல் போட்டு மூன்று தரம் தேய்த்தாள். கேட்டிருந்தால் அப்போதே கொடுத்திருப்பாளோ என்னவோ! கிணற்றுத் தண்ணீர், அதில் அப்பா அளந்து போட்ட கல் உப்பு. ஈரத் துணியில் பெரியவளைக் கிடத்தி, கண்ணையும் செவுளையும் துணியால் மூடி, பஞ்சில் ஊதா மருந்தைத் தொட்டு வாலில் ஒரே ஒரு ஒற்று. மனிதர்களுக்குக் கட்டுப் போடும்போதுகூட அப்பா அப்படி மூச்சை அடக்கி நான் பார்த்ததில்லை. ஜாடியின் பக்கவாட்டில் பல் வெட்டிய காகிதம் ஒன்றையும் ஒட்டினார். தினம் ஒரு பல் அளவு பழைய தண்ணீரை எடுத்துவிட்டுப் புதுத் தண்ணீர் விட வேண்டுமாம்.

அப்பா வேலைக்குப் போனதும் அம்மா வீட்டு மாதா பீடத்துக்குப் பின்னாலிருந்து, கோயில் சாமியார் மந்திரித்துக் கொடுத்த உப்பை எடுத்து இரண்டு கல் போட்டாள். அம்மா கொல்லைக்குப் போனதும் பக்கத்து வீட்டு அத்தை சொம்போடு வந்து, தீர்த்தமலையில் பிடித்துவந்த ராமர் தீர்த்தத்தைக் கொஞ்சம் விட்டார். "உங்கம்மாகிட்ட சொல்லாத கண்ணு. நல்லதுக்குத்தானே ஊத்தறேன்" என்றார். அம்மாவும் எனக்கு ஏற்கெனவே, "அப்பாகிட்ட சொல்லிப்போடாத, உப்பு அளவு கொழப்பறேன்னு கத்துவாரு" என்று சொல்லியிருந்தாள். எல்லாருடைய ரகசியமும் அந்த ஒன்றரை மாதம் என்னிடம் இருந்தது. அசைய முடியாதவளிடம் எல்லாரும் எதையாவது கொண்டுவந்து வைத்துவிடுகிறார்கள்.

மே மாதம் மாதாவுக்குரிய மாதம். சாயங்காலம் ஆனால் வீட்டில் செபமாலை. அம்மா நோயாளிகளுக்காக வேண்டும் இடத்தில் ஒரு நிமிடம் நிறுத்தி, ஓரக்கண்ணால் ஜாடியைப் பார்த்துவிட்டுத் தொடர்வாள். நான் வாயை மட்டும் அசைப்பேன். சனிக்கிழமை சாமியாரிடம் செய்த பாவத்தைச் சொல்லும் பாவசங்கீர்த்தனத்துக்குப் போக வேண்டியதில்லை என்பதுதான் மாவுக்கட்டால் எனக்குக் கிடைத்த ஒரே லாபம்.

எட்டே நாளில் பெரியவளுக்கு வால் ஓரத்தில் வெள்ளையாகப் புதுத் தோல் விட்டது. உடனே யாருடைய மருந்து வேலை செய்தது என்று வழக்கு. ஊதா மருந்து என்றார் அப்பா. மந்திரித்த உப்பு என்று அம்மா அப்போதுதான் வெளியே விட்டாள். "அப்படிங்களா? நான் தீர்த்தம் வுட்டது யார் கணக்குலங்க போவும்?" என்று அத்தை மதிலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து கேட்டார். அப்பா இருவரையும் பார்த்து, "நான் ஒருத்தன் எதுக்குங்க அளந்து அளந்து போட்டேன்?" என்று தலையில் கை வைத்துக்கொண்டார். மூவரும் சிரித்துவிட்டார்கள். புலிகளிடமிருந்து எட்டு நாள் தள்ளி இருந்ததால் ஆறிவிட்டது என்று சொல்லக்கூடிய ஒருத்தி சிரிக்காமல் உட்கார்ந்திருந்தாள்.

பெரியவளைத் தொட்டியில் திரும்ப விட்டார்கள். இரண்டாம் நாள் மறுபடியும் வால் கிழிந்தது.

இந்த முறை விசாரணை. அப்பா நாற்காலியைத் தொட்டிக்கு முன்னால் போட்டு உட்கார்ந்தார். அத்தையும் வந்தார். கருப்பன் வழக்கம்போல மெதுவாகப் பெரியவளை ஒட்டி, கண்ணாடியில் படிந்த பாசியை நக்கிக்கொண்டிருந்தான்.

"இதுதாங்க. பாத்தாலே ரவுடியாட்டம் இருக்குது" என்றார் அத்தை.

"வயித்தப் பாருங்க. வந்தப்ப இப்படியா இருந்துச்சி? எல்லா மீனுக்கும் ஒரே பொரிதான் போடறேன். இதுக்கு மட்டும் வயிறு பெருத்துக்கினே போவுதுன்னா, என்னாத்தத் தின்னுது? வாலத்தான் தின்னுது" என்றார் அப்பா. மிக்ஸ்சரை அளந்து ஊற்றுகிற மனிதர், வயிற்றையும் அளந்து தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

என் நிறமும் கருப்பன் நிறம்தான். வகுப்பில் சாக்பீஸ் காணாமல் போனால் டீச்சரின் பார்வை முதலில் என் பக்கம்தான் திரும்பும். அது எப்படி எரியும் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் புலிகள் போய்விடும். அப்பா சல்லடைக் கரண்டியில் கருப்பனை அள்ளிக்கொண்டு போய், கொல்லையில் கிணற்றடியில் பாசி பிடித்துக் கிடந்த சிமெண்டுத் தொட்டியில் விட்டார். "கொசுப் புழுவைத் தின்னுக்கினு கெட" என்றார். என் நாற்காலியிலிருந்து கொல்லை தெரியாது. அதுவும் நல்லதாய்ப் போயிற்று என்று நினைத்தேன்.

பெரியவளுக்கு மறுபடியும் ஜாடி, உப்பு, ஊதா, ராமர் தீர்த்தம். இந்த முறை மூன்றும் வெளிப்படையாகவே நடந்தது. ஆறியது. விட்டார்கள். ரவுடிதான் இல்லையே என்ற தைரியத்தில் அப்பா அன்று தொட்டியைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் வேலைக்குப் போனார். மத்தியானம் வந்தபோது பெரியவள் தகர மூடிக்குக் கீழே பக்கவாட்டாகச் சாய்ந்து மிதந்தாள். வாலில் பாதி இல்லை, முதுகில் செதில் பெயர்ந்திருந்தது. செவுள் மட்டும் மெல்ல அசைந்தது. அப்பா அவளை மறுபடியும் ஜாடிக்கு மாற்றி மருந்து வைத்தார்.

அன்றைக்கென்று பார்த்து மானேஜர் அம்மாவின் கார்டும் வந்தது. வியாழக்கிழமை வருகிறேன், பெரியவளுக்கு என்னை அடையாளம் தெரியுமா பார்க்க வேண்டும் என்று எழுதியிருந்தார். அப்பா சோற்றைப் பிசைந்துவிட்டு அப்படியே எழுந்துவிட்டார். ஜாடிக்குப் பக்கத்தில் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு அம்மாவிடம் மெதுவாகச் சொன்னார்.

"நாளைக்கு லீவு சொல்லிப்போட்டு சேலம் போயிட்டு வந்துடறேன். இதே மாதிரி ஒண்ணு கெடைக்கும். வாங்கியாந்து வுட்டுட்டா அவங்களுக்குத் தெரியவா போவுது?"

அம்மா திகைத்து நின்றாள். "நீங்களா பொய் சொல்லப் போறீங்க?"

"வேற என்னா செய்யச் சொல்ற? ஒரு செதில் கொறையாதுன்னு வாயால சொன்னேன். எந்த மூஞ்சிய வெச்சிக்கினு அவங்க முன்னாடி நிக்கறது?"

அப்பா பொய் சொல்லி நான் கேட்டதே இல்லை. அவர் முகம் அப்போது இருந்த இருப்பை இன்றைக்கும் என்னால் மறக்க முடியவில்லை. எனக்குப் பேச்சுக்கு முன்னால் அழுகைதான் வந்தது.

"எங்க வலிக்குது கண்ணு?" என்று அப்பா பழக்கத்தில் கேட்டார்.

"வலிக்கலப்பா. புலிதாம்பா கடிக்குது. மொத நாள்லருந்து அதுதான் கடிக்குது. அவங்க தனியா வெக்கச் சொன்னாங்க. நான்தான் சொல்லல."

அம்மா கையை ஓங்கிக்கொண்டு வந்தாள். அப்பா தடுக்கவில்லை, ஆனால் அம்மாவே என் மாவுக்கட்டைப் பார்த்துக் கையை இறக்கிவிட்டாள். அப்பா வாசல் சுவருக்கு முதுகைக் கொடுத்து உட்கார்ந்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன்.

"மூணு தரம் மருந்து போட்டேன்" என்றார், யாரிடம் என்று தெரியாமல். "இந்தப் புள்ள நாள் பூரா இங்கயேதான் உக்காந்திருக்குது. எப்படி ஆச்சுன்னு ஒரு வார்த்த இதங்கிட்ட நான் கேக்கலையே."

இப்போது போனில் தேடினால் அரை நிமிடத்தில் சொல்லிவிடுகிறது, நீண்ட வால் மீனோடு புலி மீனை வைக்கக் கூடாது என்று. அன்றைக்கு அது தெரிந்த போன் நான்தான். யாரும் எடுத்துக் கேட்கவில்லை, நானாகவும் அடிக்கவில்லை.

புலிகள் ஊறுகாய் ஜாடிக்குப் போயின. பெரியவள் அம்மாவின் அகலப் பாத்திரத்துக்கு வந்தாள். பிறகு அப்பா, "வா, அந்த நெரபராதியக் கூட்டியாரலாம்" என்று என்னைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு கொல்லைக்குப் போனார். பத்து வயதுப் பெண், அதோடு மாவுக்கட்டின் கனம் வேறு. நாலு அடிக்கு ஒருதரம் நின்று மூச்சு வாங்கினார்.

சிமெண்டுத் தொட்டியில் பச்சைத் தண்ணீர். முதலில் ஒன்றும் தெரியவில்லை. கருப்பன் அடியிலிருந்து மெதுவாக மேலே வந்தான். வயிறு ஒட்டிப் போயிருந்தது. பட்டினி போட்டுவிட்டோம் என்று எனக்குத் துக்கம் பொத்துக்கொண்டு வந்தது. அப்போது பாசி ஓரத்தில் கடுகு தாளித்துக் கொட்டினாற்போல என்னவோ தெறித்தது. குனிந்து பார்த்தோம். கறுப்புக் கறுப்பாக, கண்ணும் வாலும் மட்டுமாக, குஞ்சுகள். எண்ணினால் ஓடும். பத்துக்கு மேல் இருந்தன. மோலி முட்டையிடாது, குஞ்சாகவே ஈனும், அதுவும் ஆண் மீனைப் பிரிந்து மாதக்கணக்கான பிறகும் ஈனும் என்பதெல்லாம் எனக்குப் பின்னால் தெரிந்தது.

அப்பா என்னைத் துவைக்கிற கல்லில் இறக்கி உட்கார வைத்தார். நெற்றியில் தட்டிக்கொண்டார். வாரத்துக்குப் பத்துக் கர்ப்பிணிகளுக்குச் சத்து மாத்திரை எண்ணிக் கொடுக்கிறவர்! பிறகு ஒரு காரியம் செய்தார். சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, தொட்டியைப் பார்த்து இரண்டு கையையும் குவித்தார்.

"தப்பாப் போச்சு தாயி. மன்னிச்சிக்க" என்றார்.

யாரும் பார்க்கவில்லை என்று அவர் நினைத்தபோது மதில் மேல் அத்தையின் தலை இருந்தது. "யாருகிட்டங்க பேசறீங்க?" என்றார். விஷயம் தெரிந்ததும் அத்தை, "ரவுடின்னு சொன்ன வாயில மண்ணு வுழ" என்று சொல்லிவிட்டு, பிள்ளை பெற்றவளுக்கு என்று கைப்பிடி பொரி கொண்டுவந்து போட்டார். போகிற போக்கில் என்னைப் பார்த்து, "அப்படியே, எங்க மாங்கா எப்படி இருந்துச்சின்னும் சொல்லிப்போடு" என்றார். எல்லாருக்கும் எல்லாம் தெரிந்துதான் இருந்திருக்கிறது.

வியாழக்கிழமை மானேஜர் அம்மா வந்தார். சேலத்துக்கு யாரும் போகவில்லை. பெரியவள் மறுபடியும் தொட்டியில், பாதி வாலோடு, ஊதாக் கறையோடு, நிமிர்ந்து நீந்திக்கொண்டிருந்தாள். மானேஜர் அம்மா கண்ணாடியில் விரலை வைத்ததும் விரலுக்கு நேராக வந்து நின்றாள். அந்த அம்மாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அப்புறம்தான் வாலைப் பார்த்தார்.

"ஐயோ, வாலு என்ன ஆச்சு?"

அப்பா என்னை ஒரு பார்வை பார்த்தார். காட்டிக்கொடுக்க மனசில்லை, வேறு பொய்யும் வரவில்லை. தினம் காதில் விழுந்து பழகியது வாயில் வந்துவிட்டது.

"விழுந்துட்டுதுங்க."

"மீனு எங்கேருந்துங்க விழும்?"

முதலில் அம்மாதான் சிரித்தாள். பிறகு மானேஜர் அம்மா, பிறகு அப்பாவே. சிரிப்பு அடங்குவதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று நான் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். மானேஜர் அம்மா என் தலையில் ஒரு குட்டு வைத்தார், வலிக்கிற குட்டுதான். பிறகு கொல்லைக்குப் போய்க் குஞ்சுகளைப் பார்த்தார். "இவ்வளவு பேரா!" என்று கிணற்றடியிலேயே உட்கார்ந்துவிட்டார். கருப்பனை அன்றிலிருந்து கருப்பி என்றார். போகும்போது என் புலிகளையும் எடுத்துக்கொள்வார் என்று நினைத்தேன். எடுக்கவில்லை. "ஜாடியிலேயே இருக்கட்டும். நீயும் அதுங்களும் ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கிட்டு இருங்க" என்றார். அந்தத் தொட்டி, தகர மூடி, நீலக் கூழாங்கல் எல்லாம் அவர்கள் மாற்றலாகிப் போனபோது லாரியில் ஏறிப் போயிற்று. பல் வெட்டிய காகிதம் ஒட்டிய ஜாடி மட்டும் எங்களிடம் கொஞ்ச காலம் இருந்தது.

மாவுக்கட்டு பிரித்த வாரம் என்று நினைக்கிறேன். அப்பா மத்தியானச் சாப்பாட்டுக்கு வரவே இல்லை. ஒரு மணிக்கு வருகிறவர் மூன்று மணிக்கு வந்தார். சோறு ஆறிப்போன கோபத்தில் அம்மா, அப்படி என்ன வேலை என்று கேட்டாள்.

அப்பா கை கழுவிக்கொண்டே சொன்னார்.

"பூக்காரம்மா வந்திருந்தாங்க. கல்லுல விழுந்துட்டேன்னாங்க. நெசமா எப்படி ஆச்சு தாயின்னு கேட்டேன். அவங்க சொல்லி முடிக்க இவ்வளவு நேரமாயிடுச்சி."